மூன்று மூளையா, ஒரு மூளையும் ஒரு காவலுமா?

மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங்கில் என் அக்காள் வீட்டுக் கொட்டகையில் ஒரு ட்ரோன் உருவாகிக்கொண்டிருக்கிறது. செம்பனைக்கு மருந்து அடிப்பதற்கு. அக்காள் மகனும் அவனுடைய பாலிடெக்னிக் கூட்டாளிகள் இரண்டு பேரும் கட்டுகிறார்கள். பத்து லிட்டர் தொட்டி நிறைந்திருக்கும்போது எடை 24 கிலோ வரும் என்பது கணக்கு. கைகளுக்கான கார்பன் குழாய்களை இன்னும் வெட்டவில்லை, எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற நிலை. அதைப் பறக்க வைக்கும் மூளையை எப்படி அமைப்பது என்பதில்தான் போன மாதம் முழுக்கப் பேச்சு ஓடியது.

"மாமா, ஃப்ளைட் கண்ட்ரோலர மூணா போட்டு ஓட்டெடுப்பு நடத்திட்டா முடிஞ்சுச்சு. ஒண்ணு செத்தாலும் ரெண்டு இருக்கும்ல?" என்றான் அவன். சுபாங்கில் இருபத்திரண்டு வருடம் விமானப் பராமரிப்பில் இருந்தவன் நான். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்த்தார்கள். அவ்வளவு சீக்கிரம் சொல்ல முடியவில்லை. அவர்களுக்கு உட்கார்ந்து சொன்னதையும், பிறகு தனியாக யோசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். இதே வேலையில் இறங்கியிருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் பயன்படும்.

முதலில், கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வளர்ந்த செம்பனைக்கு மேலே, தரையிலிருந்து ஒரு 15 மீட்டர் உயரத்தில் ட்ரோன் பறக்கும். அங்கிருந்து கட்டுப்பாடு இழந்து விழுந்தால் தரையைத் தொடும்போது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் இருக்கும். மருந்து அடிக்கும் நிரையில் ஆள் நிற்கக் கூடாது என்று விதி போடலாம், போடவும் வேண்டும். ஆனால் பக்கத்து நிரையில் உதிரிப்பழம் பொறுக்குகிற அம்மாக்கள் இருப்பார்கள். என் அம்மா தோளில் பம்பு மாட்டி மருந்து அடித்தவர். விரல் நகங்கள் வெள்ளை பூத்துப் பொடிந்து போனதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவர் அடித்த மருந்துகளில் ஒன்றான பாராகுவாட் இந்த நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. பெண்களின் தோளிலிருந்து அந்தப் பம்பை இறக்கி வைப்பதற்குத்தான் இந்த ட்ரோன். அதுவே அவர்கள் தலையில் விழக் கூடாது.

பயணிகள் விமானத்துக்கு இருக்கும் அளவுகோல் கடுமையானது. பேரழிவில் முடியக்கூடிய ஒரு கோளாறு நூறு கோடி பறப்பு மணிக்கு ஒரு முறைக்கும் குறைவாகவே நேரலாம். கொட்டகையில் கட்டுகிற பொருள் அந்தப் பக்கம்கூடப் போக முடியாது. ஆனால் அந்த அளவுகோலை எட்டுவதற்குப் பெரிய விமானக்காரர்கள் தேர்ந்தெடுத்த அமைப்புகளையும், அவை எங்கே சறுக்கின என்பதையும் நாம் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பாடங்களுக்கு விலை ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது.

எல்லாமே ஒன்று ஒன்றாக வைப்பது முதல் வழி: ஒரு கண்ட்ரோலர், ஒரு சென்சார், ஒரு பாட்டரி. மலிவு, எடை குறைவு, வயர் குறைவு. இதை ஒரே பத்தியில் தள்ளிவிடுகிறேன். போயிங் 737 மேக்ஸ் விமானத்தின் மூக்கில் காற்று மோதும் கோணத்தை அளக்க இரண்டு சென்சார்கள் இருந்தன. எம்காஸ் என்ற மென்பொருள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே கேட்டது. அந்த ஒன்று தப்பாகச் சொன்னபோது மூக்கைக் கீழே தள்ளிக்கொண்டே இருந்தது. 2018 அக்டோபர் 29இல் ஜாவாக் கடலிலும் 2019 மார்ச் 10இல் எத்தியோப்பியாவிலும் மொத்தம் 346 பேர் போனார்கள். திருத்திய மென்பொருள் இரண்டு சென்சாரையும் ஒப்பிடுகிறது, ஒவ்வாவிட்டால் ஒதுங்கிக்கொள்கிறது. ஆள் நடமாடும் இடத்துக்கு மேலே 24 கிலோவை ஒரே சாட்சியை நம்பிப் பறக்க விட நான் சம்மதிக்க மாட்டேன்.

இனி பிள்ளைகள் கேட்ட வழி: மூன்று வைத்து ஓட்டெடுப்பு. இதில் நிறைய நல்லது இருக்கிறது. மூன்று சென்சார் 10, 11, 90 என்று சொன்னால், சராசரி எடுத்தால் 37 வரும், மூன்றில் ஒருவரும் சொல்லாத எண். நடு மதிப்பை எடுத்தால் 11. கெட்டது எவ்வளவு கத்தினாலும் நடுவில் இருப்பது அசையாது. போயிங் 777 இந்த வழியில் வெகுதூரம் போனது. மூன்று முதன்மைக் கணினிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று தனிப் பாதைகள். அந்த மூன்று பாதைகளிலும் ஏஎம்டி, மோட்டரோலா, இன்டெல் என்று வேறு வேறு நிறுவனத்துச் செயலிச் சில்லுகள். மென்பொருள் ஒன்றுதான், ஆனால் அதை எந்திர மொழிக்கு மாற்றும் மூன்று வெவ்வேறு கம்பைலர்கள் வழியாக வந்தது. 1995இல் சேவைக்கு வந்த விமானம் அது.

அக்காள் மகன் சொன்ன மூன்றுக்கும் இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அவன் வாங்க நினைத்தது ஒரே கடையில், ஒரே மாடலில், ஒரே மென்பொருளோடு மூன்று பலகைகள். அப்படிப்பட்ட பிரதிகளுக்கு என்ன நேரும் என்பதை ஏரியான் 5 ராக்கெட் காட்டிவிட்டது. 1996 ஜூன் 4இல் கிளம்பிய சுமார் 37 விநாடிகளில், 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் திணிக்கப் பார்த்து நிலையறியும் கணினி நின்றுபோனது. மாற்றாக வைத்திருந்த கணினி? அதே மென்பொருள், அதே எண். அது முதன்மைக் கணினிக்கும் முன்பே, ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாத இடைவெளியில் நின்றுவிட்டது.

மென்பொருளை விடுங்கள், தண்ணீரும் இதைச் செய்யும். 2008 நவம்பர் 27இல் பிரான்சின் பெர்ப்பிஞோன் அருகே ஓர் ஏர்பஸ் ஏ320 சோதனைப் பறப்பில் கடலில் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். வண்ணம் பூசுவதற்கு முன் விமானத்தைக் கழுவியபோது மூன்று கோண சென்சார்களில் இரண்டுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. மேலே போனதும் உறைந்து, இரண்டும் ஏறத்தாழ ஒரே கோணத்தில் சிக்கிக்கொண்டன. ஓட்டெடுப்பு நடந்தது. பொய் சொன்ன இருவரும் ஒத்துப்போனார்கள், உண்மை சொன்ன ஒருவர் வெளியே தள்ளப்பட்டார். ஈரமும் புழுக்கமுமான பெர்ணாம் ஆற்றங்கரையில் வாழ்கிற நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. மருந்துத் தெளிப்பும் மழைச்சாரலும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் மூன்று பலகைகளையும் ஒன்றாகத்தான் நனைக்கும்.

இன்னொரு சிக்கல், ஓட்டை எண்ணுவது யார்? மூன்று கண்ட்ரோலர்களின் சொல்லைக் கேட்டு மோட்டாருக்கு அனுப்ப ஒரு பஞ்சாயத்துக்காரர் வேண்டும். அவர் ஒரே சில்லாக இருந்தால், அந்தச் சில்லு செத்த அன்று மூன்று மூளையும் வீண். மூன்றும் தங்களுக்குள் பேசி முடிவெடுக்கட்டும் என்றால் அதிலும் ஒரு முடிச்சு. கெட்டுப்போன ஒன்று இவரிடம் ஒன்றும் அவரிடம் ஒன்றுமாகச் சொல்லலாம். அப்படி இரண்டு நாக்குள்ள ஒருவரைத் தாங்க மூன்று பேர் போதாது, நான்கு வேண்டும் என்பதை லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் மூவரும் 1982இல் எழுதிய பைசாந்தியத் தளபதிகள் கட்டுரை விளக்குகிறது. நாசாவுக்காக ஒரு விமானக் கணினியை வடிவமைத்தபோதுதான் அந்தக் கேள்வியே எழுந்தது. கொட்டகையில் மூன்று பேரால் அதைச் சரியாகக் கட்டிச் சோதித்து முடிக்க முடியும் என்று நான் நம்பவில்லை. தப்பாகக் கட்டிய ஓட்டெடுப்பு, ஓட்டெடுப்பே இல்லாததைவிட ஆபத்து.

ஏர்பஸ் 1988இல் ஏ320இல் கொண்டுவந்த ஏற்பாடு வேறு மாதிரி. தோட்டத்தில் ரப்பர் பாலை எடை போட்ட காலம் நினைவிருக்கிறவர்களுக்கு இது உடனே புரியும். ஸ்டோரில் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், எடை எழுதுவார், ஆட்களை மேய்க்கும் கங்காணி பக்கத்தில் நின்று தராசைப் பார்ப்பார். இரண்டு பேர் கண்ணும் ஒவ்வாவிட்டால் எழுதுவது அங்கேயே நிற்கும். ஏ320இன் ஒவ்வொரு கணினிக்குள்ளும் இப்படி இரண்டு பகுதிகள்: ஒன்று கட்டளை கொடுக்கும், மற்றது அதே கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்க்கும். ஒத்துவராவிட்டால் அந்தக் கணினி தானே அடங்கிவிடும், அடுத்தது வேலையை எடுத்துக்கொள்ளும். ஓட்டு எண்ண ஆள் தேவையில்லை. ஏற்றத்தையும் சாய்வையும் கவனிப்பது இரண்டு வகைக் கணினிகள், மொத்தம் ஐந்து. ஒரு வகையைச் செய்தவர்கள் வேறு, செயலி வேறு, மென்பொருள் வேறு. ஐந்தும் போனாலும் வால் இறக்கையின் சாய்வை மாற்றும் கைச்சக்கரத்தையும் கால் பெடலையும் வைத்து விமானத்தைத் தற்காலிகமாகச் சமாளிக்கலாம்.

எனக்குப் பிடித்த அமைப்பு இது. ஆனாலும் 2008 அக்டோபர் 7இல் சிங்கப்பூரிலிருந்து பெர்த் போன குவாண்டாஸ் ஏ330இல் நடந்ததை மறைக்க முடியாது. பறப்பு அளவுகளைக் கணினிக்குத் தரும் மூன்று தரவுப் பெட்டிகளில் ஒன்று, கோண அளவில் திடீர் திடீரென்று எகிறும் தப்பு எண்களை, முட்களை, அனுப்பியது. முள் வந்தால் பழைய மதிப்பையே 1.2 விநாடி பிடித்துக்கொள் என்று கணினிக்குச் சொல்லியிருந்தார்கள். இரண்டாவது முள் சரியாக அந்த 1.2 விநாடி முடிகிற நேரத்தில் வந்தது. கணினி அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு மூக்கைக் கீழே குத்தியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். ஆட்களைவிட எந்திரத்துக்கு அதிக அதிகாரம் கொடுத்த இடத்தில், எந்திரம் ஏமாந்தால் என்ன ஆகும் என்பதை நான் இதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன். கீழே நான் சொல்லப்போகும் முடிவில் அது இருக்கிறது.

கடைசி வழி, நாசாவின் விண்வெளி ஓடமான ஸ்பேஸ் ஷட்டிலின் வழி. ஐந்து கணினிகள். நான்கில் ஒரே மென்பொருள், ஐந்தாவதில் வேறொரு நிறுவனம் தனியாக எழுதிய, குறைந்த வேலை மட்டும் தெரிந்த மென்பொருள். ஏறவும் இறங்கவும் போதுமானது, அவ்வளவுதான். அது தானாகப் பிடியை எடுத்துக்கொள்ளாது, விமானி பொத்தானை அழுத்த வேண்டும். 135 பயணங்களில் ஒரு முறைகூட அழுத்தப்படவில்லை. இலவசமாக வந்த பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம். 1981 ஏப்ரல் 10இல் முதல் பயணம் தள்ளிப்போனதே, அந்த ஐந்தாவது கணினியும் மற்ற நான்கும் நேரத்தில் ஒத்துப்போகாததால்தான். மாற்று ஏற்பாடு எதுவாக இருந்தாலும் அதுவும் ஒரு கோளாறு முளைக்கிற இடம்.

பிள்ளைகளிடம் நான் அதிக நேரம் பேசியது நம் நாட்டு விமானத்தைப் பற்றி. 2005 ஆகஸ்ட் 1, பெர்த்திலிருந்து கோலாலம்பூர் கிளம்பிய எம்எச் 124, போயிங் 777. 38,000 அடியை நெருங்கும்போது விமானம் தானாக மூக்கைத் தூக்கி 41,000 அடி வரை ஏறியது. வேகம் மணிக்கு 270 கடல்மைலிலிருந்து 158க்கு விழுந்தது. விமானிகள் தானியங்கியை விடுவித்து, கையால் பிடித்து, பெர்த்துக்கே திரும்பி இறக்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை.

காரணம் நான்கு வருடம் பழையது. அதன் தரவுப் பெட்டிக்குள் முடுக்கத்தை அளக்கும் சென்சார்கள் ஆறு. அதில் ஐந்தாவது 2001 ஜூனிலேயே கெட்டுவிட்டது. பெட்டி அதைச் சரியாகக் கண்டுபிடித்து ஒதுக்கியது. ஆறில் ஒன்று போனாலும் பெட்டி தாங்கும் என்பதால் கழற்ற வேண்டிய அவசியமும் இல்லை. 2005இல் ஆறாவதும் கெட்டபோது, மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டை காரணமாக, ஒதுக்கி வைத்த ஐந்தாவதின் பொய்யைப் பெட்டி மறுபடி நம்பத் தொடங்கியது. தாங்கும் சக்தி அதிகமாக இருந்ததால்தான் நோய் நான்கு வருடம் உள்ளேயே கிடந்தது. பழுது வேலை பார்த்தவன் என்ற முறையில் இந்த ஒரு சம்பவம் என்னை உறுத்திய அளவுக்கு வேறெதுவும் உறுத்தியதில்லை. 'தாங்குகிறது' என்றால் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது என்றுதானே பொருள்?

மூளையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் மோட்டாரை மறந்துவிடுவோம். ஆறு கை, ஆறு மோட்டார் என்பதுதான் அவர்களுடைய முதல் படம். ஆறில் ஒன்று போனால் ஐந்து இருக்கிறதே என்று தோன்றும். வழக்கமான ஆறு மோட்டார் அமைப்பில் அவை ஒன்று வலம், ஒன்று இடம் என்று மாறி மாறிச் சுழலும். ஒன்று நின்றால், சாயாமல் இருக்க நேர் எதிரே உள்ளதையும் அடக்க வேண்டும். மிச்சமிருக்கும் நான்கில், மூக்கைத் தூக்கும் விசையும் உடம்பைத் திருப்பும் விசையும் ஒன்றோடொன்று பிணைந்துவிடும். ஒன்றைத் தொட்டால் மற்றது ஆடும். திசை எக்கேடு கெட்டாலும் போகட்டும் என்று விட்டால் சுழன்றுகொண்டே இறக்கலாம். அதற்கும் மென்பொருள் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். சுழலும் வரிசையை மாற்றி வைத்தால் நிலைமை சற்றுத் தேறும், ஆனால் எல்லா மோட்டாருக்கும் இல்லை.

நான்கு கை, ஒவ்வொரு கையிலும் மேலே ஒன்று கீழே ஒன்று என எட்டு மோட்டார் வைத்தால் இந்தப் பிணைப்பு வராது. ஒன்று நின்றால் அதே கையில் உள்ள ஜோடி சுமையை எடுத்துக்கொள்ளும். கீழ் மோட்டார் மேல் மோட்டார் தள்ளிய காற்றிலேயே சுழல்வதால் பாட்டரி கூடுதலாகத் தின்னும், அந்த நஷ்டம் உண்மை. கணக்கைப் பாருங்கள்: 24 கிலோவுக்கு ஒரு கைக்கு 6 கிலோ, சாதாரண நேரத்தில் ஒரு மோட்டாருக்கு 3. ஜோடி செத்தால் ஒரே மோட்டார் 6 கிலோ தூக்க வேண்டும். இப்போது மேல் நான்கு மோட்டாரை ஒரு பாட்டரியிலும் கீழ் நான்கை இன்னொரு பாட்டரியிலும் இணைத்துவிடுங்கள். ஒரு பாட்டரியே போனாலும் மிச்சம் நான்கு மோட்டார், ஆளுக்கு அதே 6 கிலோ. இரண்டு வகை ஆபத்துக்கும் ஒரே அளவு மோட்டார் போதும். இரண்டு பாட்டரியையும் இணையாகக் கட்டி ஒரே கம்பியில் விட்டிருந்தால் ஒன்றின் ஷார்ட் மற்றதையும் இழுத்துவிட்டிருக்கும். 1989 ஜூலை 19இல் அமெரிக்காவில் ஒரு டிசி-10 பயணிகள் விமானத்தில், சுக்கான்களை அசைக்கும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் ஒரே அடியில் போனது, வால் என்ஜின் சிதறியபோது அதன் துண்டுகள் எட்டும் இடத்திலேயே மூன்றின் பாகங்களும் இருந்ததால்தான். விமானிகள் என்ஜின் விசையை மட்டும் கூட்டிக் குறைத்துத் தரைக்குக் கொண்டுவந்து 184 உயிர்களைக் காப்பாற்றினார்கள்.

ஆகவே என் தேர்வு: எட்டு மோட்டார், நான்கு கை, பிரித்த பாட்டரி. மூன்று கண்ட்ரோலர் வேண்டாம். நல்ல கண்ட்ரோலர் ஒன்று, அதற்குள் மூன்று நிலையறியும் சென்சார், மூன்றும் ஒரே மாடலாக இல்லாமல் வேறு வேறு வகைச் சில்லுகள். அப்படிப்பட்ட பலகைகள் இன்று கடையிலேயே கிடைக்கின்றன. ஆர்டுபைலட் போன்ற திறந்த மென்பொருள் ஒவ்வொரு சென்சாருக்கும் தனிக் கணக்குப் போட்டு, பிழை குறைந்த கணக்குக்குத் தானாக மாறிக்கொள்ளும். இத்தனை பேர் பறக்கவிட்டுத் தேய்த்த மென்பொருளைவிட நாம் எழுதும் ஓட்டெடுப்பு நன்றாக இருக்கும் என்று நினைப்பது தப்பு.

அதன் பக்கத்தில், வேறொரு பெட்டியில், ஒரு சிறிய காவல் பலகை. அதற்குச் சொந்தமாக ஒரு சென்சார், சொந்தமாக மின்சாரம். அதற்குத் தெரிய வேண்டியது மூன்றே காரியம்: பம்பை மூடு, நிமிர்ந்து நில், மெதுவாக இறங்கு. ஜிபிஎஸ் வேண்டாம், வழி வேண்டாம். அதன் மென்பொருளை அக்காள் மகன் எழுதக் கூடாது, கூட்டாளி எழுதட்டும் என்றேன். எழுதுகிற ஆளை மாற்றினால் மட்டும் போதாது. 1986இல் நைட், லெவெசன் இருவரும் 27 பேரைத் தனித்தனியாக ஒரே வேலைக்கு நிரல் எழுதச் சொல்லிச் சோதித்தபோது, தனித்தனியாக எழுதியவர்களும் அதே கடினமான இடங்களில் சேர்ந்து சறுக்கியது தெரிந்தது. நம் பிள்ளைகள் இருவரும் ஒரே விரிவுரையாளரிடம் படித்தவர்கள். எனவே முறையே வேறாக இருக்கட்டும். பெரிய கண்ட்ரோலர் கால்மன் வடிகட்டியில், அதாவது சென்சார் எண்களிலிருந்து இரைச்சலை நீக்கி நிலையைக் கணிக்கும் ஒரு சிக்கலான கணக்கில், ஓடுகிறது. காவல் பலகை பழைய, ஒரு பக்கத்துக்குள் எழுதிவிடக்கூடிய எளிய வடிகட்டியில் ஓடட்டும்.

காவல் எப்போது பிடியை எடுக்க வேண்டும் என்பதில்தான் அக்காள் மகனும் நானும் ஒத்துப்போகவில்லை. 45 பாகைக்கு மேல் சாய்ந்தால் தானாக எடுக்கட்டும் என்பது அவன் கட்சி. காவலின் சென்சாரே தப்பாகச் சாய்வு காட்டினால்? நன்றாகப் பறக்கும் ட்ரோனை நடுவழியில் பிடுங்கிவிடும். பெரிய கண்ட்ரோலர் ஊமையாகிப் போனால் மட்டும் தானாக எடுக்கட்டும், மற்ற எல்லா நேரத்திலும் பறக்கவிடுகிறவர் ரிமோட்டில் ஒரு சுவிட்சைத் தட்டினால்தான் எடுக்க வேண்டும் என்றேன். இதற்கு ஒரு விலை உண்டு. மனிதர் சுதாரிக்க ஒரு விநாடி ஆகும், 15 மீட்டர் உயரத்தில் ஒரு விநாடி பெரிது. அதை ஏற்றுக்கொண்டுதான் சொல்கிறேன். பறக்கவிடுகிறவர் ட்ரோனைக் கண்ணால் பார்க்க முடியாத அளவுக்குத் தூரமாக அடிக்கப்போகிறோம் என்றால், அல்லது ஒரே ஆள் இரண்டு ட்ரோன் விடப்போகிறோம் என்றால், அவன் சொல்வதுதான் சரி. அப்போது காவலுக்கு இரண்டாவது சென்சாரும் வேண்டும், கிராணியும் கங்காணியும் மாதிரி.

இன்னும் ஒன்று, எம்எச் 124க்காக. தோட்டத்தில் தினமும் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தும் பெரட்டில் பேர் கூப்பிட்டு, வந்தவர் வராதவர் பார்த்துவிட்டுத்தானே ஆட்களை நிரைக்கு அனுப்பினார்கள்? ட்ரோனும் கிளம்பும் முன் ஒவ்வொரு சென்சாரையும், எட்டு மோட்டாரையும், இரண்டு பாட்டரியையும், காவல் பலகையையும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஒன்று பதில் சொல்லாவிட்டாலும், மிச்சம் தாங்கும் என்றாலும், அன்று மருந்து கிடையாது. நடுவானில் கெட்டால் இறக்கிக் கொண்டுவரத்தான் அந்த மிச்சம், அதை வைத்து இன்னொரு நாள் வேலை பார்ப்பதற்கு இல்லை. இதற்கு அவன் உடனே ஒத்துக்கொண்டான். நோட்டுப் புத்தகம் ஒன்றும் வாங்கி வந்துவிட்டான்.

சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி கிடைக்கும் வரை தோட்டத்துப் பக்கம் போக மாட்டோம். அதற்கு முன், கைகளை வெட்டி மோட்டார் ஏற்றியதும், கொட்டகைக்குப் பின்னால் உள்ள வெற்று நிலத்தில் நான்கு முளை அடித்துக் கயிற்றால் கட்டி, தொட்டியில் வெறும் தண்ணீர் ஊற்றி, இடுப்பு உயரத்துக்குத் தூக்கப் போகிறோம். நின்றபடி இருக்கும்போது இரண்டாவது கையின் மேல் மோட்டாரை நிறுத்துவோம். அது தாங்கினால் ஒரு பாட்டரியைப் பிடுங்குவோம். அதுவும் தாங்கினால் கண்ட்ரோலருக்கு மின்சாரத்தை வெட்டுவோம். ரிமோட் அவன் கையில், காவல் சுவிட்ச் என் கையில். அக்காளை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன்.